சுவீடன்காரனுக்காக ஒரு ஸ்தோத்திரக் காணிக்கை

எங்கள் சபையில் சில வருஷங்கள், ஞாயிறு தவறாமல், சுவீடன் நாட்டுப் பந்தாட்டக்காரன் ஒருவனுக்காக ஜெபம் நடந்தது. இதைச் சொன்னால் என் பிள்ளைகள் நம்புவதில்லை. அம்மா ஆரம்பித்துவிட்டாள் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். அந்த ஜெபத்துக்கு ஆமென் சொன்ன வாய்களில் என் வாயும் ஒன்று. அவன் முகத்தைக்கூட எங்களில் முக்கால்வாசிப் பேர் பார்த்ததில்லை. பாறசாலைக்கும் குன்னத்துகாலுக்கும் நடுவில் இப்படி ஒரு ஓட்டுக்கூரைக் கோயிலில் தன் பெயரால் இத்தனை பேர் முழங்காலில் நிற்பது அவனுக்கும் தெரியாது.

எல்லாம் என் அண்ணனிடமிருந்து தொடங்கியது. அண்ணன் மரம் அறுக்கும் மில்லில் வேலை பார்த்தான். அம்பூரி மலையிலிருந்து லாரியில் வரும் மரத்தடிகளை உருட்டி இறக்கியே அவனுக்குத் தொடை இரண்டும் உரல் மாதிரி ஆகிவிட்டன. எங்கள் சபை டீமில் அவன்தான் சென்டர் ஃபார்வர்டு. ஞாயிற்றுக்கிழமை பந்தைத் தொட்டால் போதகர் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார் என்பதால், சனிக்கிழமை மில் விட்டதும் தலையில் மரத்தூளோடு மிஷன் பள்ளிக்கூட மைதானத்துக்கு ஓடுவான். அதை மைதானம் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். ஒரு கோல்போஸ்ட் மேட்டில் நிற்கும், இன்னொன்று பள்ளத்தில். பள்ளத்துப் பக்கம் ஆடக் கிடைத்த டீம் பாதி ஜெயித்த மாதிரி.

டீமின் கேப்டன் எங்கள் மாமன் மகன், அம்மையின் கூடப்பிறந்த அண்ணனுக்கு மகன். கோல்கீப்பர். களியக்காவிளையில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துப் போடுகிற வேலை. ஆள் ஒட்டடைக் கம்பு போல இருப்பான். கோபம் மட்டும் இரண்டு ஆளுக்கு உண்டு. அவனும் அண்ணனும் நடக்கப் பழகிய நாளிலிருந்து ஒன்றாகத் திரிந்தவர்கள். ஒருத்தனைத் தேடினால் இரண்டு பேரும் கிடைப்பார்கள்.

நான் அப்போது மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படித்துக்கொண்டிருந்தேன். எங்களுக்கு மேலே சுவீடன்காரி ஒருத்தி இருந்தாள். மதாம்மா என்போம். வாசலில் குனிந்துதான் உள்ளே வருவாள். காயம் கழுவும்போது அந்தக் கையில் இருக்கும் பதம் எனக்குக் கடைசி வரைக்கும் வரவில்லை. அவளுக்கு உலகத்தில் இரண்டே பலவீனம்: ஒன்று பலாப்பழம், மற்றது பந்தாட்டம். ஊரிலிருந்து அவளுக்குக் கப்பலில் பத்திரிகைக் கட்டு வரும். பழைய சேதிதான். அவளுக்கு அது புதுசு. மத்தியானம் பேண்டேஜ் துணி சுருட்ட உட்காரும்போது, அதை விரித்துவைத்துக்கொண்டு எனக்குத் தமிழில் சொல்வாள்.

"உன் அண்ணன் மரம் அறுக்கிறானா?" என்று ஒருநாள் கேட்டாள். "இவனும் மரம் அறுத்தான். ஆற்றங்கரையில் ஒரு சிறிய ஊர். தகப்பன் மில்லில், இவனும் மில்லில். இப்பொழுது தேசம் முழுவதும் இவன் பெயரைச் சொல்லுகிறது."

பெயரை அவள் சொன்னாள்தான். அது என் நாக்கில் நிற்கவில்லை. வீட்டில் வந்து சுவீடன்காரன் என்றேன். அன்றிலிருந்து எங்களுக்கு அவன் சுவீடன்காரன்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து சனிக்கிழமை நான் வீட்டுக்கு வந்தால் அண்ணன் முதலில் கேட்பது அவனைப் பற்றித்தான். நான் சாப்பிட்டேனா இல்லையா என்பதெல்லாம் அப்புறம். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் முன்னால் ஆறிக்கொண்டிருக்கும். இவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருப்பான்.

"அவன் எப்பிடி அடிச்சான்? எந்தக் காலு? வலதா, இடதா?"

"எனக்கெப்பிடித் தெரியும்? மதாம்மா காலு ஒண்ணும் சொல்லேல."

"அதைக் கேக்காண்டாமா பிள்ளே? பின்ன என்னத்துக்கு நீ நர்சு படிக்குதே?"

அடுத்த வாரம் கேட்டு வந்தேன். வலது கால். ஆனால் தலையால் முட்டிப் போட்ட கோல்களும் கொஞ்சநஞ்சம் இல்லை. அவன் அதிகம் ஓடுகிற ஆள் இல்லையாம். கோலுக்கு முன்னால் பெரிய பீரோவை இறக்கி வைத்த மாதிரி நிற்பானாம். பந்து வந்ததும் திரும்புவான், அவ்வளவுதான், பந்து உள்ளே கிடக்கும். ஒரு ஆட்டத்தில் எதிர்ப்பக்கத்தார் இரண்டு பேர் சட்டையைப் பிடித்துத் தொங்க, அவர்களையும் இழுத்துக்கொண்டு போய்க் கோல் போட்டான் என்று மதாம்மா எழுந்து நின்று நடித்தே காட்டினாள். சுருட்டி வைத்திருந்த பேண்டேஜ் எல்லாம் தரையில் உருண்டன. அந்த வருஷம் அந்த நாட்டிலேயே அதிகம் கோல் போட்டவன் அவன்தான். அதற்கடுத்த வருஷமும் அவன்தான். மில் வேலையை மட்டும் விடவில்லை. அந்த ஊரில் பந்தாடக் கூலி வாங்கக் கூடாது என்று சட்டம். வாரம் முழுக்க மரம், விடுமுறை நாளில் கோல். அண்ணனுக்கு இதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டது. தனக்குத் தூரதேசத்தில் ஒரு அண்ணன் கிடைத்த மாதிரி நடந்துகொண்டான்.

சுவீடன் நாட்டு டீமின் சட்டை மஞ்சள் என்று தெரிந்ததும் எங்கள் டீமுக்கும் மஞ்சள் சட்டைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். கேப்டன் கடையில் கெஞ்சி வெள்ளைத்துணி வாங்கி வந்தான். அம்மை வீட்டுக்குப் பின்னால் நின்ற மஞ்சளைப் பிடுங்கி, கிழங்கை இடித்து, வேகவைத்து, பெரிய செம்புப் பானையில் சட்டைகளை முக்கி எடுத்தாள். பளிச்சென்று வந்தது. சங்கடம் என்னவென்றால், மஞ்சள் சாயம் நிற்காது. சோப்புப் போட்டால் சிவந்துபோகும், வெயிலில் காய்ந்தால் வெளுக்கும். ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை களியக்காவிளைக்கு அந்தப் பக்கத்துச் சபையோடு எங்களுக்கு வருஷா வருஷம் ஒரு ஆட்டம் உண்டு. அதற்கு முந்தின வாரம் சட்டைகளை மறுபடியும் முக்கியாக வேண்டும். அந்த வேலையைக் கேப்டன் ஏற்றுக்கொண்டான். வருஷம் தவறாமல் அம்மையிடம் வந்து மஞ்சள் வாங்கிப் போவான். முதல் தடவை எங்கள் ஆட்கள் மஞ்சள் சட்டையோடு இறங்கியபோது எதிர்ச் சபைக்காரர்கள், "மஞ்சள் குளிச்ச மாப்பிள்ளைமாரு வாறாங்கலே" என்று கூவினார்கள். அண்ணன் அன்று கோலாகப் போட்டுத் தள்ளினான். பிறகு யாரும் கூவவில்லை.

அதன் பிறகு ஒருநாள் மதாம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பத்திரிகையை மடித்தாள். சுவீடன்காரன் இத்தாலிக்குப் போய்விட்டான். அங்கே ஒரு பெரிய டீம் அவனைக் கூப்பிட்டுவிட்டது. ஆடுவதுதான் வேலை, அதற்குச் சம்பளம், இனி மரம் அறுக்க வேண்டாம்.

"நல்லதுதானே?" என்றேன்.

"நல்லது. ஆனால் கூலிக்கு ஆடுகிறவனுக்கு எங்கள் தேசத்துச் சட்டை இல்லை. இனி அவன் சுவீடனுக்காக ஆடமுடியாது."

அவன் இத்தாலியில் கோல் மேல் கோல் போட்டான். ஜனங்கள் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் போனார்கள். இத்தனையும் நடக்கும்போது அவன் சொந்த நாடு அவன் இல்லாமல் விளையாடி, அங்கேயும் இங்கேயும் தோற்றுக்கொண்டிருந்தது. இந்தக் கதையை வீட்டில் சொன்னபோது அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தான். அம்மைதான் கொதித்தாள்.

"அது எந்த ஊரு நியாயம்? பிள்ளை பிழைக்கப் போனான். திருடவா போனான்? பெத்த வீட்டுல பாயி சுருட்டி வெளியில எறியுவாளா?"

அம்மைக்கு ஒன்று பொறுக்கவில்லை என்றால் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவாள். எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்காக ஜெபிக்கச் சொல்லிவிட்டால் உபதேசியார் வாராவாரம் அந்த ஆளைச் சொல்லி ஜெபிப்பார். கேட்டவர் ஒருநாள் ஆராதனையில் எழுந்து, காரியம் ஜெயமாயிற்று என்று சாட்சி சொல்லி ஸ்தோத்திரக் காணிக்கை வைக்கிற வரைக்கும் அதை விடமாட்டார். பெண்கள் கோயிலில் நின்று வாய் திறக்கிற ஒரே சந்தர்ப்பம் அந்தக் காணிக்கை நேரம்தான். அம்மை சுவீடன்காரனை ஜெபத்துக்குக் கொடுத்துவிட்டாள்.

உபதேசியார் நல்ல மனுஷர். ஆனால் ஊரை விட்டுப் போனவனுக்கு ஜெபம் வேண்டும் என்றால் அது குடியாகத்தான் இருக்கும் என்பது அவருடைய அனுபவம். கொழும்புக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் போன எத்தனையோ பேருக்காக ஜெபித்தவர் இல்லையா! முதல் ஞாயிறே, "இத்தாலி தேசத்தில் மதுபானத்துக்கு அடிமையாயிருக்கிற சுவீடன் தேசத்துச் சகோதரனை விடுவியும்" என்று உருகிவிட்டார். சபை மொத்தமும் ஆமென் என்றது. அம்மை கோயில் வாசலிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன் குடிக்கேல உபதேசியாரே. அவன் பந்து களிக்கப் போனவனாக்கும்."

"பந்து களிக்கவா? அதுக்கு என்னத்துக்கு ஜெபம்?"

"அவனுக்க நாட்டுக்காரனுவளுக்கு மனசு எளகணும். அவனுக்குச் சட்டையைத் திருப்பிக் குடுக்கணும். அதுக்காக்கும்."

அடுத்த வாரத்திலிருந்து சரியாகவே ஜெபித்தார். "அவனுடைய தேசத்து அதிகாரிகளின் இருதயத்தை மெழுகைப்போல் இளகப்பண்ணும்" என்பார். சபைக்கும் அது பழகிவிட்டது. மழைக்காக, வியாதிக்காரருக்காக, பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்காக, சுவீடன்காரனுக்காக.

அந்த வருஷங்களில் எங்கள் ஊரில் வேறொரு நெருப்பும் எரிந்துகொண்டிருந்தது. திருவனந்தபுரத்து ஆட்சிக்குக் கீழே இருந்த, தமிழ் பேசுகிற தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற போராட்டம். சந்தையில் கூட்டம், பஸ் ஓடாத நாட்கள், சுவரில் கரி எழுத்து. வீட்டில் தமிழும் கடையில் மலையாளமுமாக, எது எப்போது வாயில் வருகிறது என்று யோசிக்காமல் பேசித் திரிந்தவர்கள் நாங்கள். திடீரென்று நீ எந்தப் பக்கம் என்று ஆளுக்கு ஆள் கேட்க ஆரம்பித்தார்கள். கேப்டன் அதில் தலைகீழாகக் குதித்துவிட்டான். ஜவுளிக்கடை வேலை முடிந்ததும் கொடியைத் தூக்கிக்கொண்டு போவான். அண்ணனும் கூடப் போனான், கூட்டாளி போகிறானே என்று.

அப்போதுதான் நெய்யாற்றின்கரையில் ஒரு டூர்ணமெண்டு நடந்தது. அண்ணன் ஆடியதைத் திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு மில் டீமின் மேனேஜர் பார்த்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் தோளில் கைபோட்டு, "கொள்ளாம் கேட்டோ. நீ இவிடெ கிடக்கேண்ட ஆளல்ல" என்றார், நீ இங்கே கிடக்க வேண்டிய ஆள் இல்லை என்று. மில்லில் வேலை, தங்க இடம், காலுக்கு அளவெடுத்த பூட்ஸ், சமதளமான புல் மைதானம். அண்ணன் வீட்டில் வந்து அந்தப் புல்லைப் பற்றியே பேசினான். சம்பளம் என்ன என்று அம்மை இரண்டு தரம் கேட்டும் அவனுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

கேப்டன் எங்கள் முற்றத்துக்கு வந்து நின்றான். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"போவப் போறியா?"

"போறேன் மச்சான். பந்துக்காக்கும் போறேன். வேற ஒண்ணுக்கும் இல்ல."

"நாங்க இஞ்ச தடியடி வாங்குதோம். நீ அஞ்ச போயி அவனுவளுக்குக் கோலு போடு."

"அவனுவ எவனுவ? எனக்கு எல்லாவனும் பந்து களிக்கவனாக்கும்."

"செரி, போ. ஒரு காரியம் கேட்டுக்க. திருவனந்தபுரத்துக்கு ஆடப் போனவனுக்கு நம்ம டீமுல சட்டை இல்ல. ஈஸ்டர் திங்களுக்கும் இல்ல, என்னைக்கும் இல்ல."

டீம் கூடி அதையே முடிவாகச் சொல்லிவிட்டது. அண்ணன் தன் மஞ்சள் சட்டையைத் துவைத்து மடித்துக் கேப்டன் வீட்டுப் படியில் வைத்துவிட்டு பஸ் ஏறினான். அம்மை அழவில்லை. நான் அழுதேன். அழுதுகொண்டே கேப்டனைத் திட்டினேன். எனக்குத் தெரிந்த அத்தனை வசவும் அன்றைக்கு உபயோகப்பட்டது.

கொஞ்ச நாளில் கிழக்கே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர்கள் செத்த சேதி வந்தது. அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் எடுத்துச் சொல்கிற நிலைமை இல்லை. கேப்டனைப் பிடித்துத் திருவனந்தபுரத்தில் ஜெயிலில் வைத்தார்கள். ஒரே ஊரில் ஒருத்தன் ஜெயிலுக்குள்ளே, ஒருத்தன் புல் மைதானத்தில். அண்ணன் ஏத்தவாழைக்காய் வறுவல் பொட்டலத்தோடு ஜெயிலுக்குப் பார்க்கப் போனான். கேப்டன் பார்க்க வரமாட்டேன் என்று சொல்லியனுப்பிவிட்டான். அண்ணன் பொட்டலத்தை வாசலில் நின்ற வார்டர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினான். அதை எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிப்பு ஒட்டவில்லை.

ஈஸ்டர் திங்களுக்கு அண்ணன் தவறாமல் ஊருக்கு வருவான். திருவனந்தபுரத்தில் அவன் பெயரைச் சொல்லி ஜனங்கள் கைதட்டுகிறார்கள். பத்திரிகையில் படம்கூட வந்தது. இங்கே வந்தால் கோட்டுக்கு வெளியே, காலில் செருப்போடு, கைகட்டி நிற்பான். கேப்டன் ஜெயிலிலிருந்து வந்த பிறகு பழையபடி கோலில் நின்றான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். பந்து கோட்டைத் தாண்டி அண்ணன் காலடியில் வந்தால், அதைக் கையால் எடுத்துக் கொடுப்பான். காலால் தட்டக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்பது போல. அம்மை அதைப் பார்த்துவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அந்த வருஷங்களில் அம்மைக்கு இந்த உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான். ஒரே ஒரு ஈஸ்டர் திங்களாவது மகன் கோட்டுக்கு உள்ளே, கூடப்பிறந்தவர்கள் போல வளர்ந்தவர்களோடு, மஞ்சள் சட்டையில் நிற்க வேண்டும்.

அண்ணன் இடத்தில் புதிதாக ஒரு பையனைப் போட்டிருந்தார்கள். எல்லோரும் மஞ்சளில் நிற்க, அவன் மட்டும் வீட்டில் போடுகிற வெள்ளைச் சட்டையோடு ஆடினான். அது ஏன் என்று கேட்டதற்கு, "துணி கெடைக்கேல" என்றான் கேப்டன். ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவன் துணி கிடைக்கவில்லை என்கிறான். நாங்களும் அதைக் கேட்டுக்கொண்டு போனோம். எங்கள் புத்தி அவ்வளவுதான்.

பிறகு எல்லை பிரிந்தது. நான்கு தாலுகா அந்தப் பக்கம் போயின. நாங்கள் இந்தப் பக்கம் நின்றுவிட்டோம். எந்த மண்ணைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேப்டன் ஜெயிலுக்குப் போனானோ, அந்த மண்ணிலேயே, கேரளத்துக்காரனாக, தினமும் காலையில் எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் துணி கிழிக்கப் போனான். பார்க்கப் பாவமாக இருக்கும். பேச்சும் குறைந்துபோயிற்று. அண்ணன் விஷயம் இனி இளகும் என்று நினைத்தோம். இல்லை. தோற்றுப்போன மனுஷனிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு வைராக்கியம்தான்.

சுவீடன்காரனின் சேதியும் நன்றாக இல்லை. முழங்கால் கெட்டுப்போய் ஒரு பருவம் முழுக்க ஆடவில்லை. எழுந்து வந்தபோது வேகம் குறைந்துவிட்டது. பெரிய டீமை விட்டுச் சின்ன டீமுக்குப் போனான். தலைமயிரும் முன்னால் கொட்டிவிட்டது என்றாள் மதாம்மா, சொந்தத் தம்பிக்கு மயிர் கொட்டியது போன்ற துக்கத்தோடு. எங்கள் உபதேசியார் விடாமல் இளகப்பண்ணும், இளகப்பண்ணும் என்று ஜெபித்துக்கொண்டிருந்தார்.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு மத்தியானம், நான் வார்டில் ஒரு கிழவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். மதாம்மா பத்திரிகையோடு ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"அழைத்துவிட்டார்கள்! அவனை அழைத்துவிட்டார்கள்!"

உலகக் கோப்பை அந்த வருஷம் அவர்கள் நாட்டிலேயே நடக்கப் போகிறது. வெளியே போய்க் கூலிக்கு ஆடுகிறவர்களும் வரலாம் என்று சட்டத்தை மாற்றிவிட்டார்கள். வயசாகிவிட்டது, முழங்கால் சரியில்லை, இருந்தாலும் வா என்று கூப்பிட்டுவிட்டார்கள். மதாம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். கட்டுப் பாதியில் நின்ற கிழவர், "யாராக்கும் செத்தது?" என்று கேட்டார்.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்னால், குருத்தோலை ஞாயிறன்று அம்மை செவலைக் கோழி ஒன்றைக் காலைக் கட்டிக் கோயிலுக்குக் கொண்டுவந்தாள். ஜெபவேளையில் உபதேசியார் நிறைந்த மனசோடு சொன்னார்: "இத்தனை வருஷம் நாம் ஜெபித்த சுவீடன் தேசத்துச் சகோதரனை அவன் தேசம் திரும்பச் சேர்த்துக்கொண்டது. அதிகாரிகளின் இருதயம் இளகினது." கோயிலே அதிரும்படி ஆமென் எழுந்தது. ஆண்கள் பக்கத்தில் கேப்டன் குரல் தனியாகக் கேட்டது. சுவீடன்காரன் மேல் அவனுக்கும் உயிர்தானே!

காணிக்கை நேரம். அம்மை எழுந்து நின்றாள். கோழி கையில் படபடத்தது.

"வெள்ளைக்காரனுக்க மனசை எளகப்பண்ணின கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றாள். அதோடு உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பினாள். "காணாத தேசத்துல, காணாத பிள்ளைக்கு, இஞ்ச உள்ள எல்லாவனும் ஆமென் சொன்னிய. பிழைக்கப் போனவனுக்குச் சட்டையைத் திருப்பிக் குடுக்கணும்னு சொன்னிய. நானும் ஒரு பிள்ளையைப் பெத்தேன். எனக்க பிள்ளை கோட்டுக்கு வெளியில செருப்புப் போட்டு நிக்குதான். எலே மக்கா, ஆமென் சொன்ன வாயாலதான் கேக்கேன். அது அவனுக்கு மட்டுந்தானா?"

கோயிலில் கோழி ஒன்றுதான் சத்தம் போட்டது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உபதேசியார் என்ன செய்வதென்று தெரியாமல் கீர்த்தனையை எடுத்துவிட்டார், அதுவும் தப்பான ராகத்தில். கேப்டன் தலை நிமிரவே இல்லை.

ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருட்களை வாசலில் ஏலம் விடுவது வழக்கம். குலைகளும் தேங்காயும் போயின. கோழியைத் தூக்கியதும் கேப்டன் ஒரு விலை சொன்னான். வேறொருவர் வாய் திறக்கப் பார்த்தார். கேப்டன் அவரை ஒரு பார்வை பார்த்தான். கோழி அவனுக்கே போயிற்று.

அன்று சாயங்காலம் கோழியோடு எங்கள் முற்றத்துக்கு வந்தான். இன்னொரு கையில் பழைய பத்திரிகைக் காகிதத்தில் சுற்றிய பொட்டலம்.

"மாமி, இதை இஞ்ச கெட்டிப் போடும். ஈஸ்டர் திங்களுக்குக் கறி வையும். மச்சான் வருவான் இல்லியா?"

"வருவான். வந்து என்ன? நிக்கத்தானே செய்வான்."

அவன் பொட்டலத்தை நீட்டினான். அம்மை பிரித்தாள். உள்ளே அண்ணனுடைய சட்டை. நாலு வருஷமாக யாரும் போடாத சட்டை. பழந்துணி போல வெளுத்து அழுக்குநிறமாகத்தான் இருந்திருக்க வேண்டும். இல்லை. நேற்று முக்கி எடுத்தது போல மஞ்சள் பளபளத்தது. அம்மை அதை மூக்கருகே கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.

"இது எனக்க வீட்டு மஞ்சளாக்கும்," என்றாள்.

"வருஷத்துக்கு வருஷம் மத்த சட்டையோட இதையும் முக்குவேன்," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு. "வேற எவனுக்கும் குடுக்க மனசு வரேல மாமி. அவனைக் கூப்பிடவும் வாய் வரேல."

அம்மை அவன் கன்னத்தில் ஒன்று வைத்தாள், லேசாகத்தான். பிறகு அதே கையால் அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

அந்த ஈஸ்டர் திங்களன்று அண்ணன் உள்ளே இறங்கினான். திருவனந்தபுரத்துச் சாப்பாட்டில் உடம்பு போட்டிருந்ததால் சட்டை வயிற்றில் இறுக்கிப் பிடித்தது. மதாம்மாவும் குடையோடு வந்து நின்று, அவன் பந்தைத் தொட்ட போதெல்லாம் தன் பாஷையில் கத்தினாள். ஒருவருக்கும் ஒரு வார்த்தை விளங்கவில்லை, ஆனாலும் எல்லோரும் தலையாட்டினார்கள். அண்ணன் கோலுக்கு முன்னால் பீரோ மாதிரி நின்றான், திரும்பினான், போட்டான். கேப்டன் அந்தக் கோலில் இருந்து இந்தக் கோல் வரைக்கும் மைதானம் முழுக்க ஓடி வந்து அவன் முதுகில் ஏறிக்கொண்டான். அந்த நேரத்தில் காலியாகக் கிடந்த எங்கள் கோலில் எதிர்ச் சபைக்காரர்கள் பந்தை அடித்துவிட்டார்கள். ரெஃப்ரி அதையும் கணக்கில் சேர்த்துவிட்டார். ஆட்டம் சமனில் முடிந்தது. அன்றைக்கு யாரும் அதற்காகச் சண்டை போடவில்லை.

சுவீடன்காரன் தன் நாட்டில் உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம் வரைக்கும் போய்த் தோற்றான் என்று பிற்பாடு சேதி வந்தது. சொந்தச் சட்டையில் தோற்றதற்கு என்ன, என்றாள் அம்மை.

மறுநாள் காலை அண்ணன் பஸ் ஏறிப் போனான். சட்டையை நான் வெறும் தண்ணீரில் அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன். கடைக்குப் போகிற வழியில் கேப்டன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றான்.

"பிள்ளே, அதை நெழலுல போடு. வெயிலு பட்டா மங்கிப்போவும்."

இந்த ஆளையா நான் நாலு வருஷம் திட்டினேன் என்று நினைத்துக்கொண்டே சட்டையை எடுத்து நிழலில் போட்டேன். அடுத்த வருஷம் அவனைக் கட்டிக்கொண்டேன்.